கொலைக்கு அளவு கூறும் சட்டமும் கொல்லாமை அறமும்

கொல்லுதற்கு நெறி வகுத்தல் கூடுமோ? கூடுமெனின், அந்நெறி வழுவாது கொல்பவன் அறத்தினின்றும் வழுவாதவனாவனோ? இவ்வினாவை மாணாக்கர் ஆசிரியர்பால் நிகழ்த்துதல் இயல்பாதலின், ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இங்கிலாந்திலே 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், மானைச் சுடும் றைபிள் துவக்கின் குழல் விட்டம் 0.240 அங்குலத்திற்குக் குறையலாகாதெனவும், குண்டின் விசை 1,700 அடி இறாத்தலுக்குக் குறையலாகாதெனவும், குண்டு மென்முனையேனும் குழிமுனையேனும் உடையதாதல் வேண்டுமெனவும் விதித்தது. சிறு மானினம் இரண்டற்கு மாத்திரம் பின்னர்த் தளர்வு செய்யப்பட்டது. வன்முனைக் குண்டு உடலை ஊடுருவிச் செல்லின், விலங்கு குற்றுயிராய் ஓடிப் புதரிடை நெடிது வருந்தி மடியும். மென்முனைக் குண்டோ உள்ளே விரிந்து விரைவிற் கொல்லும். விதியின் காரணம் இதுவே.

இனி, இவ்விரியுங் குண்டையே போரில் மனிதர்மீது வழங்கலாகாதென 1899இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள் பல பிரகடனஞ் செய்தன. கல்கத்தாவையடுத்த டம்டம் படைக்கலச்சாலையின் பெயரால் அறியப்பட்ட குண்டும் இவ்வினத்ததே.

மனிதர்க்கு விலக்கியதை மானுக்கு விதித்தல் முரணன்றோ எனின், அன்று. வேண்டாத துன்பம் தீது என்னும் ஒரு கொள்கையே ஈரிடத்தும் நின்றது. ஆயின், மானுக்கு நோவு உண்டென்பதைச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டபின், 'எவ்வாறு கொல்வது' என்னும் வினா, 'கொல்லத்தான் வேண்டுமோ' என்னும் வினாவை ஈன்றே தீரும்.

நம் மலைநாட்டின் வரலாறும் இதனையே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கொல்லுதலை வீர விளையாட்டாகவே எழுதிவைத்தார். 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1938இல் கண்டி மாநகரின் உடவத்தைக் காடு சரணாலயமாயிற்று. இன்று இலங்கையில் மரையையும் புள்ளிமானையும் வேட்டையாடுதல் குற்றமாம். அளவு கூறிய சட்டம் விலக்குஞ் சட்டமாய் வளர்ந்தது காண்க.

கண்ணப்ப நாயனார் வேடரன்றோ, அவர் இட்ட ஊனை இறைவன் ஏற்றிலனோ எனச் சிலர் வினவுவர். இறைவன் ஏற்றது அன்பை, வேட்டையையன்று. பிற உயிரின் ஊனோடு நில்லாது தம் கண்ணையே இடந்து அப்பியபோதன்றோ அவ்வன்பு முற்றுப்பெற்றது! சிவபெருமான் திருக்கரத்தில் மான் அஞ்சாது நிற்கின்றது. அம்மூர்த்தியை வணங்குவோர்க்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ?

ஆயினும், சட்டம் புகாத இடம் ஒன்று உளது. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தே கட்டப்படும் கம்பிச் சுருக்கு, விட்டமும் விசையும் அறியாது. பன்றிக்கென வைத்ததிற் சிறுத்தையும் சிக்கி நாட்கணக்காய் வருந்தும். அதனை வைப்போன் பெரும்பாலும் பயிரிழந்த ஏழை. அவன் மகன் நம் வகுப்பில் இருத்தலுங் கூடும். தந்தையைப் பழித்து மகனுக்கு அறம் புகட்டலாகாது. பசியும் இழப்பும் மெய்யெனக் கொண்டு, சுருக்கிற் பட்ட உயிரின் நோவும் அத்துணை மெய்யென்று உணர்த்துக. சட்டம் துன்பத்தைக் குறைக்க வல்லது. இரக்கத்தைப் பிறப்பித்தல் ஆசிரியர் கடன்.