ஈவார் மனமும் ஏற்பார் மானமும்

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றுகிறோம். தோகையையே போர்வையாக உடைய பறவைக்குப் போர்வை எதற்கு என்று வினவுவோர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் உளர். அவ்வினா பொருளற்றது அன்று. எனினும், பேகன் அளித்தது தான் போர்த்தியிருந்த போர்வையே அன்றிப் பெட்டியின் அடியில் மக்கிக் கிடந்த பழந்துணி அன்று என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொடுக்கப்பட்ட பொருள் பெறுவார்க்குத் தேவையா என்பது ஒரு வினா. கொடுத்தவர்க்கு அது தேவையாய் இருந்ததா என்பது மற்றொரு வினா. பேரிடர் நேருந்தோறும் நம் நாட்டில் மலைபோற் குவியும் துணிக்கொடையை இவ்விரு வினாக்களையும் கொண்டு எடைபோடுதல் தகும்.

1991 அக்டோபர் 20ஆம் நாள் வைகறைக்கு முன், இமயத்தின் மடியிலுள்ள உத்தரகாசிப் பகுதி நிலநடுக்கத்தால் குலுங்கியது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர்க்கு வீடில்லை. மலைநாட்டுக் குளிரோ வாயிலில் வந்து நின்றது. அந்நாளில் தில்லியில் இதழியல் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் துயர்துடைப்புப் பணிக்கென அங்குச் சென்றார். அன்ஷு குப்தா என்பது அவர் பெயர். பேரிடர்க்குப் பின் இளைஞர் பலர் இவ்வாறு செல்வதுண்டு. பத்து நாள் உழைத்துத் திரும்பி, தத்தம் வாழ்வைத் தொடர்வதும் உண்டு. அதில் குறை காண்பதற்கில்லை. குப்தாவும் திரும்பினார், பின்னர் வேலையிலும் அமர்ந்தார். ஆனால் உடையைப் பற்றிய கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை.

தில்லியில், உரிமை கோருவாரற்ற பிணங்களை எடுத்துச் செல்லும் தொழிலாளி ஒருவரைத் தாம் சந்தித்த செய்தியை அவர் மேடைகள் பலவற்றில் கூறியிருக்கிறார். குளிர்காலம் வந்தால் அத்தொழிலாளிக்கு வேலை மிகுந்துவிடுமாம். அவருடைய சிறுமகள், குளிர் தாங்க இயலாத இரவுகளில் பிணத்தைக் கட்டிக்கொண்டு உறங்குவதாகவும், அது புரண்டு தொல்லை தருவதில்லை என்றும் சொன்னாளாம். படிக்கும் நமக்கு உடல் நடுங்குகிறது. நிலம் ஒரு நொடி நடுங்கினால் நாடே விழித்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் மார்கழியில் தலைநகரின் நடைபாதைகளில் மனிதர் நடுங்குவதோ எவரையும் எழுப்புவதில்லை. உணவு, உடை, உறையுள் என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாம், நடுவில் நிற்கும் உடையை மட்டும் ஏனோ தாண்டிச் சென்றுவிட்டோம். குப்தா 1998இல் தம் வேலையைத் துறந்து, 1999இல் ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். எதிரொலி என்பது அச்சொல்லின் பொருள். தொடக்கத்தில் இருந்தவை தம் இல்லத்திலிருந்து திரட்டிய 67 துணிகளே. 2015இல் அவருக்கு மகசாசே விருது கிடைத்தது.

இனி நம் தமிழகக் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் லாரி லாரியாகத் துணிமூட்டைகள் சென்றன. சில நாட்களில் அவை சாலையோரங்களில் குவிந்து கேட்பாரற்றுக் கிடந்த காட்சியை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. கிழிந்தவை, கறைபடிந்தவை, அப்பக்கத்தில் எவரும் உடுத்தாத உடைகள் என எல்லாம் அதில் இருந்தன. மீனவர் அவற்றை ஏற்கவில்லை. ‘இழந்தும் செருக்குக் குறையவில்லை’ என்று பேசியோரும் உண்டு. ஆயின் அம்மக்கள் இரந்துண்டு வாழ்ந்தவர்களா? படகும் வலையும் உடையவர். கடலோடு பொருது ஈட்டியவர். முதல் நாள் வரை தம் மக்களுக்குப் புத்தாடை எடுத்தவர். ஒரு காலைப்பொழுதில் அனைத்தையும் இழந்தவர்க்கு எஞ்சி நின்றது மானம் ஒன்றே. அதையும் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நிற்கச் சொல்வது ஈகை ஆகுமா? ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவச்சத்திற்கும் ஓர் அதிகாரம் வகுத்ததை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்டிர் கூவி வருவதுண்டு. நம் இல்லத்தரசியர் அவர்களோடு நிகழ்த்தும் பேரம் கேட்கத் தக்கது. ஒரு காற்சட்டைக்கும் ஒரு சேலைக்கும் ஒரு தூக்கா, இரண்டு கிண்ணமா என அரைமணி நேரம் வழக்கு நடக்கும். அப்பெண்கள் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நைந்ததை விலக்கி, நல்லதை மட்டும் கொண்டு செல்வர். மேற்குத் தில்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் பழந்துணிச் சந்தையில் அவை விலைபோகும். ஆகவே பழந்துணியின் மதிப்பை நாம் அறியாதவர் அல்லர். பாத்திரக்காரி விலக்கிய துணி, வெள்ளமோ புயலோ வந்த செய்தி கேட்டவுடன் பல வீடுகளில் ‘உதவி’ என்று பெயர் மாறிவிடுகிறது என்பதே வருந்தத்தக்கது.

அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு மற்றொன்றும் தெரியும். எத்தனை மூட்டை அனுப்பப்பட்டது என்று குறிக்கப் பதிவேட்டில் ஒரு பத்தி இருக்கும். எத்தனை பேர் அதை உடுத்தினர் என்பதற்குப் பத்தி இராது.

ஒன்றுமே கொடாதிருப்பதினும் பழந்துணியேனும் கொடுப்பது மேலன்றோ என்று வினவலாம். கொடுப்பது மேல்தான், ஆனால் பிரித்தும் சீர்செய்தும் கொடுக்கும் உழைப்பும் அக்கொடையின் பகுதியாகும். கடற்கரையில் வீணான அத்துணிக் குவியல்களைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் கூஞ்ச் ஈடுபட்டது. உடுக்கத் தகாத பருத்தித் துணியும் வீணாவதில்லை. தூய்மை செய்து, ஏழைப் பெண்டிர்க்கு மாதவிலக்குக் காலத்தில் பயன்படும் துணியாக அதை ஆக்குகின்றனர். பேசவே கூசும் இத்தேவையைப் பேரிடர்ப் பட்டியல்களில் பலர் எழுதாமல் விட்டுவிடுவதுண்டு. உணவுப் பொட்டலம் கேட்கும் பெண்ணும் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

உழைப்புக்கு ஈடாக உடை என்னும் முறையையும் அவ்வமைப்பு கைக்கொண்டது. ஊரார் தம் ஊருக்கு எது வேண்டும் என்று தாமே முடிவு செய்வர். கிணறு தோண்டுவர், பாதை செப்பனிடுவர், மூங்கிற் பாலம் அமைப்பர். அதற்குப் பரிசாக உடை பெறுவர். இதை வாணிகம் என்று பழிப்பாரும் உளர். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த மறுநாள் ஒரு தாயிடம் வேலை கேட்பது கொடுமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஆறு திங்கள் கழிந்தபின், இலவசமாக நீட்டப்படும் சேலையைவிட, தான் வெட்டிய கிணற்றுக்காகப் பெறும் சேலையை அவள் தலைநிமிர்ந்து உடுத்துவாள் என்பதே நம் கருத்து. உழைக்க இயலாத முதியவரும் நோயாளரும் அவ்வரிசையில் எங்கே நிற்பர் என்ற வினாவுக்கு மட்டும் நமக்கு நிறைவான விடை தோன்றவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பழைய துணி வேண்டா என்று சேகரிப்பு நிலையங்கள் பல முன்கூட்டியே அறிவித்தன. கொடுப்பதையும் மறுப்பதா என்று நம்மவர் சிலர் சினந்தனர். அச்சினம் ஆராயத் தக்கது. துயருற்றோர்க்கு உதவ இயலாமற் போனதால் எழுந்த சினமா, அலமாரி காலியாகாமற் போனதால் எழுந்த சினமா?

தில்லியிலுள்ள கூஞ்ச் கூடத்தில் பெண்கள் அமர்ந்து மூட்டைகளைப் பிரிக்கின்றனர். இணை பிரிந்த செருப்புகளைத் தேடிச் சேர்த்துக் கட்டுகின்றனர். அறுந்த பொத்தானைத் தைக்கின்றனர். பாவாடையைக் கையிலெடுத்தவுடன் இடுப்புப் பட்டியைத் தடவிப் பார்க்கின்றனர். நாடா இல்லையெனில் கோத்த பின்னரே அதை மடித்து வைக்கின்றனர்.