பாட்டி ஒத்துக்க மாட்டாங்க

இறுதித் தேர்வு முடிந்ததும் என் மாணவிகள் பிரிவு உபசார விருந்து வைத்தார்கள். கல்லூரியில் அல்ல, ஒருத்தியின் வீட்டில். வகுப்பில் நான்கு பேருக்கு அழைப்பில்லை. நால்வரும் தலித் பெண்கள். அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். "நாங்க யாரும் சாதி பார்க்கலை மேடம், வீட்ல பாட்டி ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். வெளியே நடப்பதில் எனக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் புதுச்சேரியில் பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்திலும் இதே பதில்தான். பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி; பெற்றோரின் விருப்பம் என்றார்கள். குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பொதுப்பணத்தில் தனிப் பந்தியா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள்.

அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் சார்லஸ்டன் பள்ளியில் 1970 முதல் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படித்தார்கள். ஆண்டிறுதி நடன விருந்து மட்டும் 2007 வரை தனித்தனி. அது பெற்றோர் நடத்துவது, பள்ளி தலையிடவில்லை. நடிகர் மார்கன் ஃப்ரீமன் செலவை ஏற்ற பிறகே 2008இல் பொது விருந்து நடந்தது.

பாட்டியின் சமையலறைக்குள் கல்லூரி நுழைய முடியாது. ஆனால் அழைப்புப் பட்டியல் என் வகுப்பறை பெஞ்சில் எழுதப்பட்டது. பணம் வகுப்பின் பெயரில் வசூலானது. அதைத் தடுத்திருக்கலாம். எல்லோருக்குமான பந்தியை நாங்களே முதலில் போட்டிருக்கலாம். சாதிக்குக் காவல் நிற்கும் வேலை பெண்களிடமே ஒப்படைக்கப்படுகிறது: இன்று பாட்டி, நாளை இவள். இவள் யாரைக் காதலிக்கலாம் என்பதையும் அதே சமையலறைதான் தீர்மானிக்கும். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மௌனத்தை அந்த நால்வரும் கல்லூரியின் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.