நீச்சல் குளத்துக் குளவிகளும் ஏணியில் ஏறுபவரும்

நமது முன்னோர்கள் இந்நாட்டிற்கு வந்த காலத்தில் அஞ்சடிக் கடையைத் தவிர வேறு சொத்து அறியாதவர்கள். அல்லாஹுத் தஆலாவின் கிருபையால் இன்று நம்மவரில் சிலர் பங்களா கட்டி, பின்புறத்தில் நீச்சல் குளமும் அமைத்திருக்கிறார்கள். அதில் குற்றம் காண நாம் வரவில்லை. ஹலாலான சம்பாத்தியத்தில் ஒருவர் தம் பிள்ளைகள் நீந்தி விளையாட வசதி செய்வது அவர் பாக்கியம். ஆனால் குளம் வந்தால் கூடவே குளவியும் வருகிறது. "பிள்ளைகளைக் கொட்டிவிடுமே, தோட்டக்காரரிடம் சொல்லிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடலாமா, மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா?" என்று வியாபார நண்பர்கள் கேட்பதுண்டு. சிறு கேள்வி போலத்தான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் இதற்குள் மூன்று உயிர்களின் கணக்கு இருக்கிறது: குளவி, பிள்ளை, தோட்டக்காரர். கேட்பவர்கள் முதல் இரண்டைப் பற்றியே கேட்கிறார்கள். மூன்றாமவரைப் பற்றி எவரும் கேட்டு நாம் அறியோம்.

குளவி ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். கொட்டுவதற்காக அது வரவில்லை, தண்ணீருக்காக வருகிறது. வெயில் ஏற ஏறக் கூட்டிலிருக்கும் புழுக்கள் வெந்து போகாதிருக்க, வாயில் நீரை முகந்து சென்று அறை அறையாகத் துளி விட்டுச் சிறகால் விசிறுகிறது. ஆழமான நீர் அதற்கு வேண்டாம். கரையோரத்து ஈரக் கல்லும் படியில் தேங்கிய நீரும் போதும். ஒரு முறை இடம் கண்டுகொண்டால் திரும்பத் திரும்ப அங்கேயே வரும். பள்ளிவாசல் ஹவுளிலும் இதே காட்சிதான். மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748ஆம் ஆண்டில் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் குளம் இருக்கிறது. இத்தகைய குளங்களின் விளிம்பில் குளவி இறங்கி நீர் குடித்துப் போவதை ஒளு எடுக்க உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்காக ஒளுவை விட்டு எழுந்து ஓடியவர்கள் குறைவு. ஃபிக்ஹு நூல்களை எழுதிய பெரியவர்களும் இதைக் கண்டே இருக்கிறார்கள். ஓடும் இரத்தம் இல்லாத ஈ, தேனீ, குளவி போன்றவை நீரில் விழுந்து இறந்தாலும் அந்நீர் நஜீஸ் ஆவதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, தண்ணீர் இருக்கும் இடத்தில் குளவியும் இருக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த சட்டமல்லவா அது!

கொல்லலாமா என்றால், நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதியுடையவர் அல்லோம். மத்ரஸாவில் ஓதியதையும் ஹஜ்ரத்மார்களிடம் கேட்டதையும் சொல்கிறோம். தீங்கு செய்யும் பிராணியைக் கொல்ல மார்க்கம் அனுமதி தருகிறது. காகம், பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகிய ஐந்தையும் ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்பது ஸஹீஹான ஹதீஸ். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இவ்வரிசையோடு குளவியையும் சேர்த்திருக்கிறார்கள். கொல்லலாகாது என்று ஹதீஸில் தடுக்கப்பட்டவற்றில் எறும்பும் தேனீயும் உண்டு, குளவி இல்லை. ஆகவே பெர்மிட் நம் கையில் இருக்கிறது. ஆனால் பெர்மிட் என்றால் என்ன என்பது வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரிசி இறக்க வாங்கிய பெர்மிட்டைக் காட்டிச் சீனி இறக்க முடியாது. தீங்கை நீக்கக் கொடுத்த அனுமதி நமது எரிச்சலுக்குச் செல்லுபடியாகாது.

முற்கால நபிமார்களில் ஒருவர் மரத்தடியில் தங்கியபோது ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்தது ஓர் எறும்பாயிருக்க, இறைவனைத் துதிக்கும் ஒரு கூட்டத்தையே அழிக்கலாமா என்று அல்லாஹ் அவரைக் கேட்டான். இச்சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு நபியையே கேட்ட கேள்வி, தலையில் தொப்பியும் கையில் பூச்சிமருந்து டின்னுமாக நிற்கும் நம்மைக் கேளாமல் விடுமா?

இந்த அளவைக் கொண்டு பார்த்தால் நீர் குடிக்க வந்த குளவி வேறு, தலைக்குமேல் கூடு கட்டிய குளவி வேறு. முன்னது கையால் அடித்தாலோ காலில் மிதிபட்டாலோ ஒழியக் கொட்டுவது அரிது. பின்னது தன் கூட்டைக் காக்கும் படை. அதிலும் இந்நாட்டுத் தெபுவானை, நம் ஊர்ப்பக்கத்தில் கதண்டு என்கிறோமே அதை, இலேசாக எண்ணக் கூடாது. கரிய உடம்பில் வயிற்றின் மேல்பகுதி மட்டும் மஞ்சள் பட்டையாக இருப்பது மரத்திலும் கூரை இறவாரத்திலும் பெரிய கூடு கட்டும். தேனீ ஒரு முறை கொட்டினால் கொடுக்கை இழந்து சாகும். தெபுவான் பல முறை கொட்டும். கூட்டருகே ஒன்றை நசுக்கினால் அதிலிருந்து எழும் வாடை மற்றவற்றை அழைத்துவிடும். நிறையக் கொட்டு வாங்கியவர் சிறுநீரகம் கெட்டு மாண்டதும் உண்டு. சிலர் உடம்புக்கு ஒரு கொட்டே ஆபத்து. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இத்தகைய கூடு இருந்தால் அதை அகற்றுவது கடமை. அங்கே இரக்கம் பேசிக்கொண்டு நிற்பவரை நாம் ஆதரிக்கமாட்டோம்.

(இடையே ஒன்று. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று உஸ்தாதுமாரின் பிரம்புக்கு நியாயம் சொல்வார்கள். உண்மையில் மண்கூட்டுக் குளவி புழுவைக் கொட்டி மயக்கி, தன் குஞ்சுக்கு இரையாக வைக்கிறது. புழு குளவியாவதில்லை, தின்னப்படுகிறது. செடிகளை அரிக்கும் கம்பளிப்புழுக்கள் இவ்வாறு குறைவதால், தோட்டம் வைத்திருப்பவருக்குக் குளவி கூலியில்லாத வேலைக்காரர். திருக்குர்ஆனில் அல்லாஹ் சத்தியமிட்டுச் சொல்லும் அத்தியின் இனங்கள் பலவும், உள்ளே நுழையும் சின்னஞ்சிறு குளவியில்லாமல் விதை பிடிப்பதில்லை.)

இனி நெருப்பு. நெருப்பைக் கொண்டு வேதனை செய்வது நெருப்பைப் படைத்தவனுக்கே உரியது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இந்நாட்டில் இரவில் பந்தம் பிடித்துத் தெபுவான் கூட்டை எரிப்பது பழைய வழக்கம். வேறு வழியே இல்லாதபோது ஆகும் என்று சொன்ன உலமாக்களும் உண்டு. பொடியும் தெளிப்பு மருந்தும் கிடைக்கும் இக்காலத்தில் வேறு வழியில்லை என்று சொல்வதற்கு நமக்கு வாய் வரக்கூடாது. மேலும் கூரைக்கடியில் பெட்ரோலைக் கொளுத்துபவர் வீட்டைத் தீயணைப்புக்காரரிடம் ஒப்படைக்கத் தயாராகிறார்.

இப்பொழுது அந்த மூன்றாமவரிடம் வருவோம். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிற்கிறார். வெளியே தோட்டக்காரர், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். அவர் ஜாவாக்காரராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம், நமது இராமநாதபுரத்துப் பையனாகவும் இருக்கலாம். "செய்யமுடியுமா?" என்று கேட்டோம், "சரி முதலாளி" என்றார், கையில் ஐம்பது வெள்ளியும் கொடுத்தோம், இதில் என்ன அநியாயம் என்பார்கள். நாம் கேட்பது இதுதான்: அந்தச் "சரி" எத்தகைய சரி? இரு தரப்பும் மனமொப்பிச் செய்வதே வியாபாரம் என்று மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்கிறது. கழுத்தை நெரித்துக் கையெழுத்து வாங்கிய கிரயம் செல்லாது என்று நாம் வாதாடுகிறோம். வேலை பெர்மிட் முதலாளியின் பெயரில் இருக்க, ஊரில் கடன் இருக்க, "மாட்டேன்" என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று நினைப்பவர் சொல்லும் சரியை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

பூச்சி ஒழிப்புக்காரரும் கூலிக்குத்தானே ஆபத்தில் இறங்குகிறார் என்று ஒருவர் எதிர்வாதம் செய்தார். நல்ல வாதம்தான். ஆனால் அவர் அத்தொழிலைத் தாமே தேர்ந்தவர், பழகியவர், தடித்த அங்கியும் வலைபோட்ட முகமூடியும் உடையவர், பிடிக்காவிட்டால் வரமாட்டேன் என்று டெலிபோனை வைத்துவிடக் கூடியவர். தோட்டக்காரருக்கு இவற்றில் ஒன்றாவது உண்டா? பணியாளர் மீது அவர்கள் சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து வந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்வாரா? பிடிக்க அஞ்சுவாரானால், ஏற்றுவதற்கும் அஞ்சவேண்டும். ஒரு தீங்கை அதற்குச் சமமான தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்பது ஷரீஅத்தின் பொதுவிதிகளில் ஒன்று. நம் பிள்ளைக்கு வரவிருந்த கொட்டை அடுத்தவர் பிள்ளைக்கு மாற்றிவிடுவதை இந்த விதி எப்படி ஒப்பும்?

செய்யவேண்டியது அதிகமில்லை. குளத்தங்கரையில் சீராப் தண்ணீர், வெட்டிய மாம்பழம் முதலியவற்றைத் திறந்து வைக்கக் கூடாது. உதிர்ந்த பழங்களை அன்றாடம் அள்ளிவிடவேண்டும். ஒழுகும் குழாயை அடைக்கவேண்டும். நீர் குடிக்க வருபவற்றுக்குத் தோட்டத்தின் கோடியில் கூழாங்கல் இட்ட தட்டில் தண்ணீர் வைத்தால் சில நாளில் அங்கே பழகிக்கொள்ளக் கூடும். தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியைப் படித்த நமக்கு இது பெரிய செலவல்ல. தட்டு நீரைத் தினமும் கொட்டி மாற்றவேண்டும். மறந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்து சம்மன் எழுதுவார். கூடு கண்ணில் பட்டால் பிள்ளைகளை அப்பக்கம் விடாமல், மலேசியாவில் ஏபிஎம் எனப்படும் பொதுத் தற்காப்புப் படைக்கோ பழகிய ஒழிப்பாளருக்கோ, சிங்கப்பூரில் பூச்சி ஒழிப்புக் கம்பெனிக்கோ சொல்லி அனுப்பவேண்டும். தீ இல்லாமல் செய்ய இயலுமா என்று அவர்களிடம் முன்னதாகவே கேட்கலாம். குளவிகள் கூடடையும் இரவு நேரத்தில்தான் அவர்கள் பெரும்பாலும் வருவார்கள். அந்த இரவு அண்டை வீட்டாருக்கு, அவர் சீனரானாலும் மலாய்க்காரரானாலும், மாலையிலேயே தகவல் சொல்லிச் சன்னல்களைச் சாத்திவைக்கச் சொல்லவேண்டும். அவர் வாசலில் நாய் கட்டியிருந்தால் அதை உள்ளே அழைத்துக்கொள்ளும்படியும் சொல்லவேண்டும்.