தோலில் தெரியும் நோயும் உள்ளத்தில் தெரியாத வலியும்

 

சில சகோதரர்கள் ஜுமுஆவுக்குக் கடைசியில் வந்து, தூண் ஓரமாக நின்று தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்ததும் வெளியேறிவிடுகிறார்கள். தீனில் அலட்சியம் என்று நாம் நினைக்கிறோம். அந்த முழுக்கைச் சட்டைக்குள் மறைந்திருப்பது சொரியாசிஸாக இருக்கலாம், வெண்புள்ளியாக இருக்கலாம்.

இவை இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. முஸாபஹா செய்தாலோ, ஒரே ஸஹனில் சாப்பிட்டாலோ பரவாது. சொரியாசிஸ் தொற்றாத நோய் என்பதை உலக சுகாதார சபையே 2014இல் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாம் கையை இழுத்துக்கொள்கிறோம். "அந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம்" என்கிறோம்.

இரவெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை. பகலில் மனிதர்களின் பார்வை. மெல்ல மெல்ல அவர் வீட்டுக்குள் ஒடுங்குகிறார், மனச்சோர்வில் விழுகிறார். மனக்கவலை கூடும்போது சொரியாசிஸும் கூடுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. இதை ஈமானின் பலவீனம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்!

நம் மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? ஆண்களுக்குப் பட்டு ஹராம். ஆனால் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸுபைர் (ரலி) இருவருக்கும் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி உள்ளது. ஓர் அரிப்புக்காக ஷரீஅத் சலுகை தருகிறது. நாம் ஸஃப்பில் பக்கத்தில் நிற்கத் தயங்குகிறோம்!

உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களுக்கு வெண்குஷ்டம் இருந்தது. ஒரு திர்ஹம் அளவு இடத்தைத் தவிர மற்றது குணமானது. தாய்க்குப் பணிவிடை செய்த அந்த மனிதரிடம் பாவமன்னிப்புக்காக துஆ கேட்கும்படி, உமர் (ரலி) அவர்களுக்கே நபியவர்கள் சொல்லிச் சென்றார்கள். அல்லாஹ்விடம் அவருடைய அந்தஸ்தை அந்தத் தழும்பு குறைக்கவில்லை.

நோயுள்ள சகோதரரே, சகோதரியே! தோல் மருத்துவரிடம் போங்கள். மனம் சோர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு எதிரானதல்ல. வாழ்வே வெறுத்துப்போனால் அன்றே ஒருவரிடம் வாய் திறந்து பேசுங்கள். உளூச் செய்ய தண்ணீர் கூடாது என்று மருத்துவர் சொன்னால் ஆலிமிடம் கேளுங்கள், மார்க்கத்தில் வழி இருக்கிறது.

மற்றவர்களே! இன்று தொழுகை முடிந்ததும் தூண் ஓரத்தில் நிற்பவரிடம் நீங்களே போய்க் கை கொடுங்கள். "என்ன தோலில்?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றவர்களின் உடலுக்கும் உள்ளத்திற்கும் ஷிஃபா தருவாயாக! எங்கள் பார்வையால் எவரும் நோகாதபடி காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.