வேரின் பெயர்

பழத்தைத் தின்கிறவன் வேரை நினைத்துப் பார்க்க வேண்டுமா? நினைக்காவிட்டாலும் பழம் இனிக்கத்தான் செய்கிறது. சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

லூயி ஜோர்டான் என்று ஓர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். ஸாக்ஸபோன் வாசிப்பார், பாடுவார், பாட்டிலேயே சிரிக்கவும் வைப்பார். சிக் வெப் என்பவரின் பெரிய வாத்தியக் கோஷ்டியில் இருந்தவர், 1938-ல் அதை விட்டு, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சின்னக் கோஷ்டி ஒன்றைச் சேர்த்தார். அவ்வருஷம் டிசம்பரில் டெக்கா கம்பெனிக்காகத் தம் கோஷ்டியின் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் பாடும் தட்டுகள்.

அவற்றில் பிற்கால ஜோர்டான் முழுதாக இல்லை. வழி தேடுகிற மனிதர்தான் இருக்கிறார். ஆனால், பெரிய கோஷ்டியின் துள்ளலைச் சில பேரே தாங்கிவிடலாம் என்ற துணிச்சல் அங்கேயே பிறந்துவிட்டது. 1946-ல் அவருடைய ரயில் பாட்டு ஒன்று, கறுப்பினத்தாரின் இசைக்கென்று அந்நாளில் இருந்த பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் நின்றது. அவருடைய தட்டுகளைத் தயாரித்த மில்ட் கேப்ளரே 1954-ல் பில் ஹேலியின் புகழ்பெற்ற ராக் பாட்டையும் தயாரித்தார். துள்ளல் உலகெங்கும் பரவியது. ஜோர்டானின் பெயர் பின்தங்கிவிட்டது.

இது களவா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜோர்டானும் வெறுங்கையோடு வந்தவரல்லவே! வாத்தியக் கோஷ்டி நடத்திய தகப்பனாரிடமும், வெப்பிடமும் பெற்றுக்கொண்டவர்தாம். கலையில் கடன் வாங்காதவன் இல்லை. வாங்கியதை மறைப்பதுதான் குற்றம். சக் பெர்ரி 1958-ல் ஒரு பாட்டைத் தொடங்கிய கிதார் இசை, ஜோர்டானின் கிதார்க்காரர் கார்ல் ஹோகன் 1946-ல் வாசித்தது. பெர்ரி அதை ஒளிக்காமல் சொன்னார். அதனால் அவர் பெருமை குறைந்தா போயிற்று?

ஒரு சமயம் என் கதையின் ஒரு வாக்கியத்தை வாசகர் ஒருவர் மனமாரப் பாராட்டினார். அது என் வாக்கியமல்ல. எங்கள் தெருக் கிழவி ஒருத்தியின் பேச்சு. நான் சிரித்துக்கொண்டே பாராட்டை வாங்கிக்கொண்டேன். கிழவிக்கு அதனால் நஷ்டமில்லை. எனக்குத்தான் இன்றும் அந்தப் பாராட்டு செரிக்கவில்லை.

ஜோர்டான் 1975-ல் காலமானார். ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரை முன்னோடிகளில் ஒருவராகச் சேர்த்தது 1987-ல். ‘முன்னோடி’ நல்ல சொல்தான். அதைக் கேட்பதற்கு அவர் இருந்திருக்கலாம்.