பேர் வாசிக்கிறவன் மனசு

"உங்காளுகளுக்குத் தாழ்வு மனப்பான்மைலே." நாஞ்சில் நாட்டில் இதைக் கேட்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டிய நம் பிள்ளைகள் குறைவு. நோய் நம் மண்டைக்குள் இருக்கிறதாம், வைத்தியர் அவர்களாம்.

2003இல் உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். மேல்சாதி மூணு பேர், தலித் மூணு பேர், ஒரே அறை. காகிதத்தில் புதிர்ப்பாதை, வழி கண்டுபிடித்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு போட்டார்கள். வேறு குழுக்களில் ஊர், அப்பன் பேர், தாத்தா பேர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். தலித் பையன்கள் போட்ட எண்ணிக்கை விழுந்துபோனது. அதே வயசு, அதே புதிர். நடுவில் வந்தது ஒரு குரல்.

உலக வங்கி தன் 2015 அறிக்கையில் இதை எடுத்துப் போட்டது. நிதி ஆயோக் 2019இல் நடத்தை ஆய்வுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கியது. ஆக, அரசுக்கு உளவியல் ருசித்துவிட்டது. ஆனால் யார் மனசை ஆராய்கிறது? 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியாவின் பேரில், வெளிக்குப் போன ஏழைகளை விசிலடித்து வெட்கப்படுத்தினார்கள். பேர் வாசிக்கிறவனுக்கு விசில் ஊத ஆளில்லை.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டிக் கூப்பிடக் கூடாது, கையில் கலர்க் கயிறு கூடாது. கை வைத்த இடம் சரி.

"சட்டம் போட்டா மனசு மாறுமா" என்பார்கள். சுசீந்திரம் கோயில் தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் பண்ண வேண்டியிருந்தது. 1936இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களைத் திறந்துவிட்டபோது ஊர் மனசெல்லாம் மாறியா கிடந்தது? கதவு முதலில் திறந்தது. மனசு பின்னால் நொண்டி வந்தது, சில வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நமக்குள்ளேயே ஒரு கேள்வி உண்டு: சாதியைச் சொல்லாதே என்றால் ஒளிச்சு வாழச் சொல்கிறார்களா? நம் பிள்ளை தானாக எழுந்து "நான் தலித்" என்று சொல்வது அவன் உரிமை. "உதவித்தொகை ஃபாரம் வந்திருக்கு, எஸ்.சி. எல்லாம் எந்திரி" என்று வகுப்பு நடுவில் நிறுத்துவது வேறு. அந்த ஃபாரத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். அதற்கு அரசுக்குக் காலணா செலவில்லை.