கலங்கலில் ஒரு கிராதி

விட்ட மீன்கள் தப்பிப் போய்விடக் கூடாது என்று கலங்கலின் குறுக்கே இரும்புக் கிராதி வைத்தார்கள். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள். பொழுதுபோக்குக்கென ஏரி வைத்திருக்கிற எவரும் செய்யக்கூடிய காரியந்தான்.

அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மலைகளில் இருந்த ஸௌத் ஃபோர்க் மண் அணையைச் சொல்கிறேன். கால்வாய்ப் படகுகளுக்கு நீர் தர மாநில அரசு அதை 1853-ல் கட்டி முடித்தது. ரயில் வந்து கால்வாய் வீணானதும் அணை கைமாறிக்கொண்டே போயிற்று. இடையில் உடைமையாளராக இருந்த ஒருவர் அடிமதகின் இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879-ல் அது பிட்ஸ்பர்க் தனவந்தர்களின் மீன்பிடி, வேட்டை கிளப்புக்கு வந்தது. கார்னகியும் ஃப்ரிக்கும் அதில் உறுப்பினர்கள். அவர்கள் குழாய்களைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைச் சற்றுத் தாழ்த்தினார்கள். அப்புறம் இந்தக் கிராதி.

1889 மே 31. பெருமழை. கிராதியில் குப்பை அடைத்துக்கொண்டது. நீர் கரைமேல் வழிந்தது. பிற்பகலில் அணை போயிற்று. பதினான்கு மைல் கீழே ஜான்ஸ்டவுனிலும் வழியிலும் 2,209 பேர் செத்தார்கள்.

கிளப்பிடமிருந்து ஒருவருக்கும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. தெய்வச் செயல் என்றாயிற்று. (தெய்வத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதது சௌகரியம்.) ஆனால் 1868-லேயே இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில் வேறுவிதமாகத் தீர்ப்பாகியிருந்தது. அங்கேயும் தனியார் நீர்த்தேக்கந்தான். பக்கத்துச் சுரங்கத்தில் நீர் புகுந்தபோது, உடைமையாளரின் கவனக்குறைவைக் காட்டத் தேவையில்லை, தேக்கி வைத்தவரே பொறுப்பு என்றார்கள். சட்டத்தைவிட இதிலுள்ள தார்மீகமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழாயைப் பிடுங்கியவர், கரையைத் தாழ்த்தியவர், கிராதி வைத்தவர் என்று செயல்களைப் பிரித்துத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். குற்றவாளி மட்டும் கிடைக்க மாட்டான். பிறர் தலைக்கு மேலே நீரை வைத்துக்கொண்டிருப்பதே தினமும் செய்கிற ஒரு செயல் என்று ஒப்புக்கொண்டால்தான் பொறுப்பு என்கிற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது.

என்னை அதிகம் தொந்தரவு செய்கிறவர் வேறொருவர். டேனியல் மாரல், ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் தலைவர். 1880-ல் தம் எஞ்சினியரை அனுப்பி அணையைப் பார்க்கச் செய்தார். வடிகால் குழாய் இல்லை, பழுது பார்த்ததும் சரியில்லை என்று அறிக்கை வந்தது. சீர்செய்யும் செலவில் பங்கு தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். கிளப் மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரே கிளப்பில் உறுப்பினரானார். உள்ளே இருந்து கண்காணிக்கலாம் என்று நினைத்திருக்கலாம். பரிசுக் கமிட்டிகளில் போய் உட்கார்ந்த நம் நண்பர்கள் சிலர் சொல்கிற காரணமும் இதேதான். அது பொய் என்று நான் சொல்லவில்லை. மாரல் 1885-ல் இறந்தார். குழாய்கள் அப்போதும் போடப்பட்டிருக்கவில்லை.